தவணை நடக்கும்போது பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிப் போகலாமா?

மழைக்குருவி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சு. முடிவு எடுக்க முடியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

என் கணவர் கட்டாரில் ஒரு கட்டட வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர். அங்கே ஜூன் முதலாம் திகதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை மதிய வேளையில் வெயிலில் வேலை செய்யச் சட்டம் விடாது. வேலை மெதுவாகும் அந்த மாதங்களில்தான் அவருடைய கம்பனி லீவு கொடுக்கும். இந்த முறை ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து 23 நாள். இதற்கு முன் வந்து இரண்டு வருடம் ஆகிறது.

மகன் தரம் 4, மகள் தரம் 8. இரண்டு பேருக்கும் இரண்டாம் தவணை நடந்துகொண்டிருக்கும். மாமி யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார். நயினாதீவு அம்மனுக்குக் கணவர் வைத்த நேர்த்தி ஒன்றும் பாக்கி இருக்கிறது. அங்கே ஆனித் திருவிழா பௌர்ணமியை ஒட்டித்தான் முடியும். அதன் பிறகு திருகோணமலையில் நாலு நாள் நிற்கலாம் என்கிறார் இவர். நிலாவெளிக் கடல் குளிக்க நல்லதாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரைதான். டிசம்பர் லீவில் போனால் அந்தப் பக்கம் மழையும் பெரிய அலையும். எல்லாம் சேர்த்தால் ஒன்பது பாடசாலை நாட்கள் போகும்.

என் தங்கை, "காய்ச்சல் என்று கடிதம் எழுதிக் குடுங்கோ, தேவையென்றால் ஒரு மெடிக்கல் எடுக்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறாள். எனக்கு அது ஒத்துவரவில்லை. போகவே வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. இந்த நிலையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி அப்பா

கூட்டிக்கொண்டு போங்கள் தங்கச்சி. யோசிக்கவே வேண்டாம். தரம் 4இல் ஒன்பது நாள் போனதால் எந்தப் பிள்ளையின் எதிர்காலமும் போகாது. 2020 மார்ச்சில் பூட்டிய பாடசாலைகள் எத்தனை மாதம் பூட்டிக் கிடந்தன? 2022இல் பெற்றோல் இல்லையென்று கொழும்பில் திரும்பவும் பூட்டினார்கள். அதையெல்லாம் தாண்டித்தானே பிள்ளைகள் வந்தார்கள். தகப்பனோடு இருக்கும் 23 நாள் திரும்ப வராது.

நான் போன வருடம் மூத்தவனைத் தவணை நடுவில் ஒரு கிழமை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப் போனேன். குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவு போய்க் குதிரைகளைப் பார்த்தான், கீரிமலைக் கேணியில் குளித்தான், நூலகத்துக்குள் போய் 1981இல் அது எரிந்த கதையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். வகுப்பில் ஐந்து நாள் இருந்திருந்தால் இவ்வளவு கிடைத்திருக்குமா?

ஓய்வுபெற்ற ரீச்சர் (கொட்டாஞ்சேனை)

தம்பி, நீங்கள் சொன்ன கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஆரம்பப் பிரிவில் 31 வருடம் படிப்பித்தவள் நான்.

வெளியில் இருந்து பார்க்கும்போது, "ஒரு கிழமையில் என்ன பெரிதாக நடந்திருக்கும், கொப்பியை வாங்கிப் பார்த்து எழுதினால் சரி" என்றுதான் தோன்றும். தரம் 4இல் பின்னம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பாருங்கள். திங்கட்கிழமை ஒரு கடதாசியை இரண்டாக மடிப்போம், நாலாக மடிப்போம், எட்டாக மடிப்போம். பிள்ளைகள் தாங்களே மடித்து, நிறம் தீட்டி, அரையும் எட்டில் நாலும் ஒரே அளவு என்று கண்ணால் காண்பார்கள். சில பிள்ளைக்கு அன்றே பிடிபடும், சில பிள்ளைக்குப் புதன்கிழமைதான். அடுத்த வாரம் அதை வைத்துக் கூட்டல் தொடங்கும். பத்தாம் நாள் திரும்பி வருகிற பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். கொப்பியில் விடை இருக்கும், கடதாசி மடித்தது இருக்காது. அந்தப் பிள்ளை மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டும். அரையும் அரையும் சேர்ந்தால் நாலில் இரண்டு என்று எழுதும். திருத்தும்போதுதான் எனக்குத் தெரியும், இந்தப் பிள்ளை எந்த வாரம் வரவில்லை என்று.

அதைச் சரிசெய்ய நேரம் கிடைத்தால் பரவாயில்லை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பாடம் ஒன்று 40 நிமிடம்.

கொரோனாவைத் தாண்டி வந்தார்கள் என்கிறீர்கள். தங்கச்சியின் மகள் தரம் 8 என்றால் 2020இல் தரம் 2. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் வயதில் அந்தப் பிள்ளைகள் அம்மாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலருக்கு வாய்ப்பாடு இன்னும் தடுமாறும். தாண்டி வந்தார்கள்தான். ஆனால் விட்டுவிட்டு வந்தது நிறைய. ஏற்கனவே இழந்த பிள்ளைகளிடம் இன்னும் ஒன்பது நாள் எடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மழைக்குருவி (வெள்ளவத்தை)

ரீச்சர், மகளுக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறும். நீங்கள் சொன்னதை வாசித்ததும் அவள் கட்டில் ஓரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு இருந்தது அப்படியே கண்ணுக்குள் வந்தது.

நிலாச்சோறு

என் கேள்வி வேறு. லீவில் போனால் என்ன என்று எல்லோரும் லேசாகக் கேட்பார்கள். லீவு எங்கே இருக்கிறது? ஏப்ரல் லீவில் ரியூஷன் மாஸ்டர் மீட்டல் வகுப்பு வைப்பார், ஆகஸ்டில் கருத்தரங்கு, டிசம்பரில் அடுத்த வருடப் பாடத்தைத் தொடங்கிவிடுவார். என் மகளுக்கு இப்போது சனி, ஞாயிறு இரண்டும் காலை முதல் மாலைவரை வகுப்பு. பாடசாலை தரும் விடுமுறையை நாங்களே பிடுங்கி ரியூஷனுக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் பாடசாலை நாட்களில் விடுமுறை தேடுகிறோம். போன வருடம் புலமைப்பரிசில் பரீட்சை ஆகஸ்ட் 10ஆம் திகதி நடந்தது. அதற்கு முந்தின ஏப்ரலில் எங்கள் ஒழுங்கையில் தரம் 5 பிள்ளை ஒன்றுகூட வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போகவில்லை.

ரீச்சரிடம் ஒன்று கேட்கிறேன். ரியூஷனில் ஒரு கிழமை தவறினால் துடித்துப் போகிற பெற்றோர், பாடசாலையில் ஒரு கிழமை தவறுவதைப் பெரிதாக எடுப்பதில்லையே, ஏன்?

ஓய்வுபெற்ற ரீச்சர் (கொட்டாஞ்சேனை)

காசு கட்டுவதால், பிள்ளை. 1945இலிருந்து இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பு குறைந்துபோய்விட்டது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கவலையில் சொல்கிறேன்.

ஹற்றன் தம்பி

கொழும்பில் வேலை செய்கிறேன், பிறந்து வளர்ந்தது தோட்டத்தில். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும், ஆனால் இரண்டும் என் அனுபவம்.

முதலாவது. எங்கள் பாடசாலையில் கணிதத்துக்கு ஒரு சேர்தான். அவரும் வேறு ஒரு பாடசாலையோடு பங்கு போட்டுத்தான் வருவார். அவர் வருகிற நாளில் போகாவிட்டால் அந்தப் பாடம் போனது போனதுதான். ரியூஷன் என்று ஒன்று அங்கே கிடையாது. தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தால் வகுப்பு பாதியாகிவிடும். என் அம்மா திருவிழா நாளிலும் என்னைப் பாடசாலைக்கு அனுப்பினார். அன்றைக்கு அழுதேன். நான் உயர்தரம் செய்து இங்கே வந்து உட்கார்ந்திருப்பதற்கு அம்மாவின் அந்தப் பிடிவாதம்தான் காரணம்.

இரண்டாவது. என் அக்காவும் அத்தானும் நுவரெலியாவில் ஹோட்டலில் வேலை செய்கிறார்கள். பாடசாலை விடுமுறை எப்போதோ அப்போதுதான் அவர்களுக்கு ஓய்வே இல்லாத காலம். ஏப்ரல் சீசனில் கொழும்பே அங்கே வந்து நிற்கும், லீவு கேட்டால் வேலை போகும். ஆகஸ்டும் டிசம்பரும் அதே மாதிரி. அவர்களுக்குச் சேர்ந்தாற்போல் நாலு நாள் லீவு கிடைப்பது ஜூனில் அல்லது ஒக்டோபரில்தான். அவர்களுடைய பிள்ளைகள் தாய் தகப்பனோடு கடலைப் பார்க்க வேண்டும் என்றால் தவணைக்குள் மட்டும்தான் முடியும். போன வருடம் இரண்டு பாடசாலை நாளும் சனி ஞாயிறும் சேர்த்து மட்டக்களப்புக்குப் போய் வந்தார்கள். மருமகன் முதல் தடவையாகக் கடலைக் கண்டு, வாயில் வைத்துப் பார்த்து, "உப்பு உண்மைதான் மாமா" என்று எனக்குப் போன் எடுத்தான்.

தவணைக்குள் போகிறவர்கள் எல்லோரும் மலிவு ரிக்கெற் தேடிப் போகிறவர்கள் என்று நினைக்காதீர்கள். ஆனால் ஒன்பது நாள் என்றால் அக்காவே வேண்டாம் என்பார்.

லண்டன் சித்தி

நான் ஹரோவில் இருக்கிறேன், கொழும்பில் படித்தவள். இங்கே இது சட்டப் பிரச்சினை. முன்பு விசேட சூழ்நிலை என்றால் தலைமையாசிரியர் வருடத்துக்குப் பத்து நாள்வரை அனுமதி கொடுக்கலாம். 2013 செப்டெம்பரோடு அதை இறுக்கிவிட்டார்கள். இப்போது மிகவும் விதிவிலக்கான காரணம் இருந்தால்தான். சுற்றுலா அதற்குள் அடங்காது. ஐந்து பாடசாலை நாள் அனுமதியில்லாமல் எடுத்தால் தண்டப்பணம். 2024 ஆகஸ்டிலிருந்து 80 பவுண். ஒரு பிள்ளைக்கு, ஒவ்வொரு பெற்றோருக்கும். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. அதாவது இரண்டு பிள்ளையைத் தாயும் தகப்பனும் கூட்டிப் போனால் 320 பவுணில் தொடங்கும்.

ஜோன் பிளாட் என்ற தகப்பன் 2015இல் மகளைத் தவணைக்குள் புளோரிடாவுக்குக் கூட்டிப் போனார். தண்டத்தைக் கட்ட மறுத்து உச்ச நீதிமன்றம்வரை போனார். மகளின் வரவு மொத்தத்தில் நன்றாகத்தானே இருக்கிறது என்பது அவருடைய வாதம். கீழ் நீதிமன்றங்களில் வென்றார். 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்த்தது. ஒழுங்காகப் பாடசாலைக்குப் போவது என்றால் பாடசாலையின் விதிகளின்படி போவது, பெற்றோர் தாங்களே கணக்குப் போட்டு முடிவெடுப்பது இல்லை என்று சொன்னது. அப்படியும் இங்கே நிறையப் பேர் தண்டத்தையும் ரிக்கெற் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் போகிறார்கள். காசு உள்ளவருக்கு அது ஒரு கட்டணம் மாதிரி ஆகிவிட்டது. இல்லாதவருக்குத்தான் தண்டனை.

நம் குடும்பங்களுக்குள் நடக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு லீவு ஜூலை கடைசியில் தொடங்கும், கனடாக்காரருக்கு ஜூலை தொடக்கத்திலேயே. நாங்கள் வந்து இறங்கியதும் கலியாணமும் சாமத்தியவீடும் வைப்போம். கொழும்புப் பிள்ளைகள் தங்கள் தவணையை விட்டுவிட்டு எங்களோடு வான் வண்டியில் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்போம். இரண்டு வருடத்துக்கு முன் நானே என் அண்ணாவின் பிள்ளைகளை அப்படி ஆறு நாள் மறித்து வைத்திருந்தேன். பிறகுதான் அண்ணி சொன்னார், அதில் ஒரு நாள் மகனுக்குப் பாடசாலை மட்டக் கணிப்பீடு இருந்ததாம். என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். போன முறை வந்தபோது பிள்ளைகள் பாடசாலைக்குப் போகட்டும், 1.30க்கு விட்ட பிறகு வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். காலையில் நான் அண்ணியோடு சமைத்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

டோர்ட்முண்ட் மாமா

ஜேர்மனியில் இன்னும் கடுமை. 2018 மே மாதம் பவேரியாவில் மெம்மிங்கன் விமான நிலையத்தில் பொலிஸ் நின்று, விடுமுறை தொடங்க ஓரிரு நாள் முந்திப் பிள்ளைகளோடு பறக்க வந்த குடும்பங்களைப் பிடித்தது இங்கே பெரிய செய்தி. ஆனால் இங்கே 16 மாநிலங்களும் கோடை விடுமுறையை ஒரே நாளில் தொடங்குவதில்லை. மாறி மாறி வரும், பவேரியாதான் எப்போதும் கடைசிப் பக்கம். அதனால் ரயில், வீதி, ஹோட்டல் எல்லாவற்றிலும் நெரிசல் பிரிந்து போகிறது. பிரான்சில் குளிர்கால, வசந்தகால விடுமுறைகளுக்கு மூன்று வலயம் வைத்திருக்கிறார்கள். இலங்கையில் மாகாணவாரியாக இப்படிச் செய்ய யாராவது யோசித்தால் ஏப்ரலில் நுவரெலியா இப்படி அடைபடாது.

தெமட்டகொட வாப்பா

மாமா சொன்னது எங்கள் வீட்டுக்குள் ஏற்கனவே இருக்கிறது. மூத்த மகன் முஸ்லிம் பாடசாலை, மகள் வேறு பாடசாலை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வரும். இந்த வருடம் பெப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரத்தில் பெருநாள். மகன் வீட்டில், மகள் தவணையில். மகளுக்கு லீவு வரும்போது மகன் பாடசாலையில். இரண்டு பேருக்கும் சேர்ந்து கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. ஆகவே வேறுவேறு விடுமுறை எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நினைக்க வேண்டாம் மாமா. குடும்பம் நடுவில் பிளந்து நிற்கும்.

நாங்கள் செய்வது இதுதான். வருடத் தொடக்கத்தில் இரண்டு பாடசாலைக் கலண்டரையும் குளிர்சாதனப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, போயா என்ற பௌர்ணமி விடுமுறைகளையும் வட்டம் போடுவோம். வெள்ளியோ திங்களோ போயா விழுந்தால் அது எங்கள் பயணம். இந்த வருடம் அப்படி இரண்டு தடவை கிடைத்தது, ஒரு நாள்கூடப் பாடசாலை போகவில்லை. தங்கச்சிக்கும் ஜூன் கடைசியில் ஒரு திங்கள் போயா இருக்கிறது, பாருங்கள்.

மழைக்குருவி (வெள்ளவத்தை)

நானா, நன்றி. ஓம், ஜூன் 29. நயினாதீவுத் தீர்த்தமும் அந்தப் பௌர்ணமியை ஒட்டித்தான். இதை நான் கவனிக்கவே இல்லை.

பம்பலப்பிட்டி அப்பா

தங்கச்சி, அது பொசன் போயா. அநுராதபுரத்துக்கும் மிகிந்தலைக்கும் யாத்திரிகர்கள் ஆயிரக்கணக்கில் போவார்கள், யாழ்ப்பாண ரயில் போவதும் அதே பாதைதான். முப்பது நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும். திறந்த உடனே எடுக்காவிட்டால் கிடையாது.

ரீச்சர், நீங்கள் சொன்ன பின்னக் கணக்கை என் மகனிடம் கேட்டுப் பார்த்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு என்று. ஐந்தில் இரண்டு என்றான். அந்தக் கிழமைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரவு இரண்டு பேரும் கடதாசி மடித்தோம்.

ஓய்வுபெற்ற ரீச்சர் (கொட்டாஞ்சேனை)

நல்லது தம்பி. மூன்றாக மடிக்க முதலில் கஷ்டப்படுவான். ஒரு ரிப்பன் துண்டு கொடுங்கள், சுலபமாக வரும்.

இன்னும் ஒரு தவணை

நான் உயர்தரம் படிக்கிறேன். பெரியவர்கள் மட்டுமே பேசுகிறீர்கள், அதனால் எழுதுகிறேன்.

தரம் 8இல் என்னைச் சென்னைக்குக் கூட்டிப் போனார்கள். சித்தப்பாவின் கலியாணம், 12 நாள். பாடசாலைக்கு அம்மாள் வருத்தம் (அம்மை நோய்) என்று கடிதம் கொடுத்தார்கள், அதுதான் நாட்கணக்குக்குச் சரியாக வரும் என்று. திரும்பி வந்த அன்று வகுப்பாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தழும்பு ஒன்றும் இல்லையே, நல்ல காலம் பிள்ளை" என்று என் முகத்தைத் தடவிப் பார்த்தார். உண்மையான அன்பில் கேட்டார். நான் தலையாட்டினேன். மருதாணி நிறம் விரலில் இருந்ததால் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். சிநேகிதிகளிடம் கலியாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியவில்லை. போட்டோ காட்ட முடியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்த 12 நாளை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் எனக்கு உண்மையிலேயே அம்மாள் வருத்தம் வந்தது. அதே ஆசிரியர்தான். "உனக்குப் போன வருடம் வந்ததுதானே" என்றார். அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தார். அதற்குப் பிறகு அந்த ரீச்சர் என்னிடம் முன்போல் பேசவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ரீச்சர் அவர்.

தவறிய பாடத்தை நான் எப்படியோ பிடித்துவிட்டேன். இதைப் பிடிக்க முடியவில்லை. அக்கா, உங்கள் தங்கை சொன்ன காய்ச்சல் கடிதம் மட்டும் வேண்டாம். கடிதத்தை நீங்கள் எழுதுவீர்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பொய்யைச் சொல்வது பிள்ளைதான்.

இன்னொன்று. மகளிடம் கேட்டீர்களா?

வரவுப் பதிவேடு

கொழும்பில் ஒரு பாடசாலையில் இப்போது தரம் 8 வகுப்பாசிரியர். "இன்னும் ஒரு தவணை" என்ற பிள்ளை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்த ரீச்சரின் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். பொய் என்று தெரிந்தால் எங்களுக்குப் பிள்ளைமேல் கோபம் வராது. ஆனால் அடுத்த முறை உண்மையான காய்ச்சல் கடிதம் வரும்போது, அதையும் சந்தேகத்தோடுதான் வாசிப்போம்.

நடைமுறையைச் சொல்கிறேன். கட்டாயக் கல்வி வயது இப்போது 5 முதல் 16 வரை. 2016க்கு முன் 14 வரைதான். பிள்ளை பாடசாலைக்கே வராமல் வேலைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த விதி அது. நாலு நாள் ஊருக்குப் போன குடும்பத்தைத் தேடி யாரும் வர மாட்டார்கள். வரவு வீதம் இறுகப் பிடிப்பது உயர்தரத்தில்தான், பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீதம் வேண்டும். தரம் 4இலும் 8இலும் நீங்கள் முன்கூட்டியே வந்து நேராகக் கேட்டால், என்ன நாளில் என்ன இருக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன். இந்த நாள் கணிப்பீடு, அந்த நாள் ஆய்வுகூடம், மற்ற இரண்டு நாளும் மீட்டல், அதில் போங்கள் என்று. பிள்ளைக்கு ஒரு தாளில் வேலையும் எழுதித் தருவேன். எத்தனையோ பெற்றோர் காய்ச்சல் கடிதத்தோடு திரும்பி வருகிறார்கள். போவதற்கு முன் கேட்க வந்தவர்கள் எனக்கு இரண்டே பேர்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நீங்கள் கேட்பது உங்கள் பிள்ளைக்கு ஒரு தடவை. என் வகுப்பில் 42 பேர். ஒவ்வொரு குடும்பமும் தங்களுக்கு வசதியான ஒன்பது நாளை எடுத்தால், தவணையில் முழு வகுப்பும் இருக்கிற நாள் ஒன்றுகூட மிஞ்சாது. குழுச் செயற்பாடு என்று ஐந்து பேரைப் பிரித்தால் இரண்டு பேர் இல்லை. வந்திருக்கும் மூன்று பேரும் அந்த வேலையைச் சுமக்கிறார்கள். அந்த மூன்று பேரின் அம்மாக்கள் இங்கே எழுதுவதில்லை. அவர்களுக்காகத்தான் நான் ஒன்பது நாளுக்குச் சரி சொல்ல மாட்டேன். இரண்டு நாள் என்றால் சொல்வேன்.

நிலாச்சோறு

எல்லாப் பாடசாலையிலும் இப்படி இருப்பார்களா ரீச்சர்? என் மகளுக்கு உண்மையைச் சொல்லி மூன்று நாள் லீவு கேட்டேன். ஊரில் தாத்தாவின் ஆண்டுத் திவசம். அலுவலகத்தில் இருந்தவர், "இதையெல்லாம் ஏன் அம்மா எழுதுகிறீர்கள், சுகமில்லை என்று போடுங்கள், எங்களுக்கும் சுகம்" என்றார். பொய் சொல்லும் பழக்கத்தைப் பெற்றோர் மட்டும் உண்டாக்கவில்லை. உண்மைக்கு ஒரு கட்டம் பாடசாலைப் பதிவில் இருந்தால் நாங்கள் அதை நிரப்புவோம்.

வரவுப் பதிவேடு

நீங்கள் சொல்வது நடக்கிறது. மறுக்க மாட்டேன். அப்படிச் சொன்னால் வகுப்பாசிரியரிடமே நேரில் கொடுங்கள்.

ஹற்றன் தம்பி

திவசத்துக்கும் நேர்த்திக்கும் போவதையும் நிலாவெளியில் குளிப்பதையும் நான் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அக்கா கோபிக்க வேண்டாம். மாமியைப் பார்ப்பதும் கோயிலும் இந்த முறை. கடல் அடுத்த ஆகஸ்டுக்கும் அங்கேதான் இருக்கும்.

பம்பலப்பிட்டி அப்பா

தகப்பன் அடுத்த ஆகஸ்டில் இருக்க மாட்டாரே தம்பி. அதுதான் என் மனதில் நிற்கிறது. எல்லோரும் பிள்ளைகள் இழக்கும் பாடத்தைச் சொன்னீர்கள். வெயிலில் நின்று இவர்களுக்குப் பாடசாலைக் கட்டணமும் ரியூஷன் காசும் அனுப்புகிற மனுசன் இரண்டு வருடத்தில் ஒரு தரம் பிள்ளைகளோடு கடலில் இறங்க ஆசைப்படுகிறார். நான் அவர் பக்கம்தான்.

மழைக்குருவி (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் நன்றி. நேற்றிரவு இவரோடு வீடியோவில் கதைத்தேன், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

முதலில் மகளிடம் கேட்டேன். நாங்கள் போட்ட திட்டத்தில் 26ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலையில் புறப்படுவதாக இருந்தது. அன்று அவளுக்கு வலைப்பந்துப் போட்டி. கோல் அடிக்கும் இடத்துக்கு முதல் தடவையாக அவளைப் போட்டிருக்கிறார்கள். "அப்பா வந்து பார்ப்பார் என்று நினைத்தேன், நீங்கள் ஊருக்குப் போகலாம் என்றதும் நான் சொல்லவில்லை" என்றாள். இரண்டு வாரமாகத் தனக்குள் வைத்திருந்திருக்கிறாள். இங்கே எழுதிய உயர்தரப் பிள்ளை கேட்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

இவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் அவர்கள் பாடசாலை வாசலைக் கண்டதே இல்லை" என்றார். உண்மைதான். மகன் தரம் 1 சேர்ந்த நாளிலிருந்து வான் வண்டியில்தான் போகிறான். லீவு முழுக்க வானை நிறுத்திவிட்டு, தானே காலையில் கூட்டிப் போய் 1.30க்குக் கூட்டி வருவதாகச் சொல்கிறார். வரும் வழியில் கடற்கரைப் பக்கம் இறங்கலாம், எங்களுக்கு அது ஐந்து நிமிட நடை. நிலாவெளி மாதிரிக் குளிக்க முடியாது, ஜூனில் இந்தப் பக்கம் கடல் பொல்லாதது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கல்லில் இருந்து பார்க்கலாம்.

ஊருக்கு வெள்ளி போட்டி முடிந்து இரவு புறப்படுகிறோம். சனி, ஞாயிறு, போயா மூன்று நாளும் அங்கே. செவ்வாய் பகல் மாமியோடு இருந்துவிட்டு இரவு பஸ். ஒரே ஒரு பாடசாலை நாள். மகளின் வகுப்பாசிரியரை இன்று போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கணிதம் இரண்டு பாடம் இருக்கிறது, தாளில் எழுதித் தருகிறேன் என்றார். கடிதத்தில் "நயினாதீவுக் கோயில் நேர்த்திக்காகவும் அப்பம்மாவைப் பார்க்கவும்" என்றே எழுதினேன். மகனின் வகுப்பாசிரியர் அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கவில்லை, அடுத்த வருடம் புலமைப்பரிசில் என்று நினைவூட்டினார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திருகோணமலை இல்லை. இவருக்கு அதில் வருத்தம் இருக்கிறது, எனக்கும்தான். பம்பலப்பிட்டி அண்ணா எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், நீண்ட நேரம் போனைக் கீழே வைக்கவில்லை.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை, வெள்ளவத்தையில் ஏறும் இரவு பஸ்ஸில் நாலு இருக்கை போட்டாயிற்று. குறிகட்டுவானிலிருந்து தீர்த்தத்தன்று முதல் படகு எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமிக்கு முழங்கால் வருத்தம், நெரிசலில் ஏற்ற முடியாது.

தெமட்டகொட வாப்பா

தங்கச்சி, திருவிழாக் காலத்தில் படகுகள் விடியவே தொடங்கிவிடும் என்று எங்கள் கடைக்கு வரும் புங்குடுதீவு ஐயா சொல்வார். நாளை வருவார், நேரத்தைக் கேட்டு எழுதுகிறேன். முழங்கால் வருத்தம் என்றால் முதல் நாளே போய் அங்கே தங்குவது நல்லது என்பார், அதையும் கேட்கிறேன்.